வனராஜா வந்து கையெழுத்துப் போடட்டும்

தம்பி: வனராஜா வரவில்லையா, அக்கா?

அக்கா: வந்துவிட்டார். உனக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

தம்பி: (திரும்பிப் பார்த்து) பின்னால் பெட்டிதான் இருக்கிறது.

அக்கா: அதற்குள்தான்.

தம்பி: காலை ஆறு மணிக்கு விளையாடாதீர்கள். பார்சல் வனராஜா பெயரில் வந்திருக்கிறது. அவர் நேரில் வர வேண்டும். ஆதார் அசல் வேண்டும், ஜெராக்ஸ் ஒன்று வேண்டும்.

(பெட்டி: கீச் கீச் கீச் கீச்.)

அக்கா: கேட்டாயா? ஆஜர் சொல்கிறார்.

தம்பி: என்ன சத்தம் அது?

அக்கா: கோழிக்குஞ்சு, மக்களே. நாமக்கல் பக்கத்தில் ஒரு பொரிப்பகத்தில் சொல்லி வைத்து வரவழைத்தது. நேற்றுக் காலையில் பொரிந்தது, மதியம் வண்டி ஏறியது. வனராஜா என்பது அந்தக் கோழி இனத்தின் பெயர்.

தம்பி: இனம், சாதி எதுவும் நாங்கள் கேட்பதில்லை. பெயர் பொருந்தினால் போதும்.

அக்கா: என் பெயர் கீழே சின்னதாக எழுதியிருக்கும், பார்.

தம்பி: அங்கே டேப் ஒட்டியிருக்கிறது.

அக்கா: டேப்பைக் கிழி.

தம்பி: கிழித்தால் பார்சல் சேதம் என்று ஆகிவிடும்.

(பெட்டி இன்னும் பலமாகக் கத்துகிறது. தம்பி தன் குரலையும் அதற்கு மேலே உயர்த்திக்கொள்கிறார். நாகர்கோவிலில் ஒரு பார்சல் கவுண்டர், வரிசையில் எனக்கு முன்னால் நடந்தது இது. நான் அக்கா பக்கம்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

அக்கா: சரி, உன் சிஸ்டத்தில் என்னதான் இருக்கிறது? முழுதாகப் படி.

தம்பி: பெறுநர் ஒன்று: வனராஜா, வயது 50. பெறுநர் இரண்டு: ஜி. ராமப்பிரியா, வயது 50.

அக்கா: யாரு?

தம்பி: ஜி. ராமப்பிரியா. ஜி என்றால் அவர் அப்பா பெயரா?

அக்கா: கிராமப்பிரியா! அதுவும் கோழிதான். இங்கிலீஷில் எழுதியதைப் பார்த்து முதல் எழுத்தைப் பிய்த்து இனிஷியல் ஆக்கிவிட்டானா, புண்ணியவான்? அந்த 50 வயது இல்லை, எண்ணிக்கை. வனராஜா ஐம்பது, கிராமப்பிரியா ஐம்பது. இரண்டையும் உருவாக்கியது ஐதராபாத்தில் இருக்கிற மத்திய அரசு கோழி ஆராய்ச்சி நிலையம்.

தம்பி: ஓ, மத்திய அரசா? அப்படியென்றால் ஆதார் வேண்டாம். அலுவலக அடையாள அட்டை போதும்.

அக்கா: மக்களே, பிறந்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை.

தம்பி: சிஸ்டத்தில் ஐம்பது வயது, அக்கா. இருவரும் ஒரே முகவரி, ஒரே பெட்டி. அதனால் கணவன் மனைவி என்று போட்டு வைத்திருக்கிறேன். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

அக்கா: கல்யாணமே பண்ணி வைத்துவிட்டாயா?

தம்பி: ராமப்பிரியா பெண்தானே?

அக்கா: பாதி ஆண்.

தம்பி: (விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு) என்ன?

அக்கா: ஐம்பதில் பாதி சேவலாகத்தான் இருக்கும். ஒரு நாள் குஞ்சில் சேவல், பெட்டை பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அப்படிப் பிரித்துத் தந்தால் விலை வேறு. எனக்குக் கலந்துதான் தந்தார்கள். பெயரை நம்பி முட்டை எண்ண முடியாது.

தம்பி: இங்கே ஏதாவது ஒன்றைத்தான் டிக் செய்ய முடியும்.

அக்கா: எதையாவது செய். குஞ்சு வந்திருக்கிறது என்று உனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, பின்னால் நிற்கிற எல்லோருக்கும் தெரிகிறது. காது இருக்கிறது அல்லவா?

தம்பி: காதுக்கு சிஸ்டத்தில் இடம் இல்லை, அக்கா. உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவே கூடாது. இதிலே சரக்கு என்று போட்டிருப்பது… உதிரி பாகங்கள்.

அக்கா: எதன் உதிரி பாகங்கள்?

தம்பி: அது போடவில்லை.

அக்கா: கோழியை உதிரி பாகம் ஆக்க நான் இன்னும் மூன்று மாதமாவது தீனி போட வேண்டும். இப்போதைக்கு எல்லாம் ஒட்டித்தான் இருக்கிறது.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) உயிருள்ளதை ஏற்றக்கூடாது என்று எழுதியிருக்கிறது, அக்கா. ஏற்றாமலும் இருக்க முடியாது, வாடகை போய்விடும். அதனால் ஏற்றும்போது உதிரி பாகம் என்று எழுதிவிடுவார்கள். இறக்கும்போது கம்பெனி பொறுப்பல்ல.

அக்கா: எந்த இறக்கும்போது?

(தம்பி பதில் சொல்லவில்லை. ஸ்டேப்ளரை எடுத்து இடம் மாற்றி வைக்கிறார்.)

அக்கா: அமெரிக்காவில் என் தங்கை மகன் இருக்கிறான். அங்கே 1918 முதல் கோழிக்குஞ்சு தபாலிலேயே போகிறது. கள்ளப் பெயரில் இல்லை, குஞ்சு என்று பெட்டியில் எழுதியே போகிறது. விடியும் முன்னால் தபால் ஆபீசிலிருந்து போன் வருமாம், உங்கள் குஞ்சு வந்திருக்கிறது, சீக்கிரம் வந்து எடுத்துப் போங்கள் என்று.

தம்பி: அங்கே எல்லோருக்கும் அடையாள எண் இருக்கும், அக்கா.

அக்கா: குஞ்சுக்கா?

தம்பி: முன்னேறிய நாடு. இருக்கலாம். சரி, இங்கேயும் நீங்கள் தபாலில் வரவழைத்திருக்கலாமே?

அக்கா: தபாலில் எது போகும் தெரியுமா? உலகத் தபால் விதியிலே கடிதத்தோடு உயிரோடு போகலாம் என்று சொல்லியிருப்பது தேனீ, ரத்தம் உறிஞ்சுகிற அட்டை, பட்டுப்புழு, இன்னும் சில பூச்சிகள். இதற்கெல்லாம் இடம் உண்டு. கோழிக்குஞ்சுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

தம்பி: தேனீ சரி, மார்த்தாண்டத்தில் நிறைய இருக்கிறது. அட்டையை எதற்குத் தபாலில் அனுப்ப வேண்டும்?

அக்கா: வைத்தியத்துக்கு. குலசேகரம் பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போய்ப் பார். காலிலேயே டெலிவரி. ஓடிபி கூடக் கேட்காது.

தம்பி: ஆ! ஓடிபி! நல்லவேளை நினைவுபடுத்தினீர்கள். ஓடிபி வேண்டும்.

அக்கா: என் வாயை நான் தைத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி: இந்த நம்பருக்குப் போயிருக்கிறது. உங்கள் நம்பரா?

அக்கா: என் வீட்டுக்காரருடையது. பணம் கட்டியது அவர். சவுதியில் இருக்கிறார். இப்போது அங்கே மணி மூன்றரை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்க ஆரம்பித்திருப்பார்.

தம்பி: பத்து நிமிடத்தில் காலாவதி ஆகிவிடும்.

(அக்கா போனை எடுக்கிறார். மறுமுனை நமக்குக் கேட்காது. கேட்கவும் தேவையில்லை.)

அக்கா: (போனில்) நான்தான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பதறாதீர்கள், அம்மா நன்றாக இருக்கிறார். பார்சல் ஆபீசில் நிற்கிறேன்… வனராஜாவைக் கூட்டிப்போக வந்தேன்… வனராஜா… இல்லை, உங்களுக்குத் தெரியும்… ஐம்பது… ஐயோ, வயது இல்லை, ஐம்பது பேர்… இல்லையில்லை, வீட்டிலேதான் வைத்துக்கொள்ளப் போகிறேன், பின்பக்கத்து ஷெட்டில்… ஹலோ? ஹலோ?

தம்பி: என்ன ஆயிற்று?

அக்கா: வைத்துவிட்டார்.

தம்பி: ஓடிபி?

அக்கா: வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிடுவார். கொஞ்சம் பொறு.

(பெட்டி இப்போது முன்போலக் கத்தவில்லை. அக்காவின் முகம் மாறுகிறது.)

அக்கா: மக்களே, பெட்டியை அந்த ஏசிக்கு நேராக வைக்காதே. இந்தப் பக்கம் நகர்த்து. குனிந்து நகர்த்து, சாய்க்காதே.

தம்பி: சரக்கைத் தொட லோடுமேன் வர வேண்டும்.

அக்கா: லோடுமேன் வந்தால் தூக்கிப் போடுவான். நீ நகர்த்து.

(நகர்த்துகிறார். கம்பெனி விதியை மீறி அன்று அவர் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.)

தம்பி: ஏசி அவ்வளவு ஆகாதா?

அக்கா: முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும், இங்கே பல்புதான் தாய். அந்தக் குண்டு பல்புக்குத் திங்கள்சந்தை, தக்கலை எல்லாம் அலைந்தேன். எங்கே கேட்டாலும் எல்இடிதான் தருகிறார்கள். நல்ல வெளிச்சம் அக்கா, கரண்ட் மிச்சம் அக்கா என்கிறார்கள். குஞ்சு உட்கார்ந்து படிக்கப் போகிறதா?

தம்பி: கிடைத்ததா?

அக்கா: பழைய கடை ஒன்றில் கிடைத்தது. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட்ஸ் கணக்கு வைத்துக்கொள்வோம். நூறு குஞ்சுக்கு 60 வாட்ஸ் பல்பு நாலு. விடிய நாலு மணிக்கே போட்டு வைத்துவிட்டு வந்தேன். தகரத்தை வட்டமாக வளைத்து, உள்ளே மரத்தூள் போட்டு, மேலே பேப்பர் விரித்து, வெல்லத் தண்ணீர் வைத்து. எல்லாம் தயார். ஆள்தான் இங்கே ஆதார் இல்லாமல் நிற்கிறார்.

தம்பி: தகரம் எதற்கு வட்டமாக?

அக்கா: மூலை இருந்தால் எல்லாம் மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துப்போகும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம், தகரத்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரி. குஞ்சே சொல்லிவிடும், பார்க்கிறவனுக்குக் கண் வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி: (கொஞ்சம் தயங்கி) என் மகளுக்கு மண்டைக்காட்டுக் கொடையில் ரோஸ் கலரில் ஒரு குஞ்சு வாங்கிக் கொடுத்தேன், அக்கா. மூன்றாம் நாள் போய்விட்டது. அன்று முழுக்க அழுதாள். சாயம்தான் விஷம் என்றார்கள்.

அக்கா: சாயத்தை விடு. ஒற்றைக் குஞ்சு யாரோடு போய் ஒண்டும்? இந்தப் பெட்டியைப் பார், உள்ளே நாலு அறை, அறைக்கு இருபத்தைந்து. வழியில் ஒன்றுக்கொன்று சூடு. உன் மகளுக்கு விற்றது முட்டைக்கோழிப் பண்ணையில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சாக இருக்கும். அது முட்டையும் போடாது, சீக்கிரம் கறியும் வைக்காது. அதற்குத் தீனி போட யாருக்கும் மனசு இல்லை, அதனால் சாயத்தில் முக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாகிற வேலையை நம் வீட்டில் வைத்துச் செய்கிறது.

தம்பி: அவளிடம் அதைச் சொல்ல முடியாது.

அக்கா: சொல்லாதே. அடுத்த தடவை ஒன்று வாங்காதே.

தம்பி: பெட்டியில் நாலு அறைக்கு இருபத்தைந்து என்றால் நூறு. இங்கேயும் நூறு. கணக்கு சரியாக இருக்கிறது.

அக்கா: நூற்றிரண்டு இருக்கும். நூறுக்கு இரண்டு கூடுதலாக வைப்பது வழக்கம், வழியில் போகிறதற்கு ஈடாக.

தம்பி: அக்கா, அதை ஏன் என்னிடம் சொன்னீர்கள்? இப்போது இரண்டு பேர் டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறார்கள்.

அக்கா: யார் அந்த இரண்டு பேர் என்று நீயே கண்டுபிடித்து இறக்கிவிடு.

தம்பி: ஆனாலும் உங்களுக்கு என்ன இவ்வளவு அவசரம்? நான் ஒரு வீடியோவில் பார்த்தேன். குஞ்சு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் இருக்குமாம்.

அக்கா: இருக்கும். பொரிவதற்கு முன்னால் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டுச்சோறு மூன்று நாள் வரை தாங்கும். அதனால்தான் தபாலில் அனுப்பவே யாருக்கோ யோசனை வந்தது.

தம்பி: அப்படியென்றால் இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே. வனராஜாவுக்கு ஆதார் எடுத்துவிட்டே வரலாம்.

அக்கா: பட்டினி கிடக்கத் தெரியும் என்பதற்காகப் பட்டினி போடுவாயா? நீ எப்போது சாப்பிட்டாய்?

தம்பி: நேற்று மதியம்.

அக்கா: ஏன்?

தம்பி: இரவு ஷிப்ட் ஆள் வரவில்லை. நானே தொடர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெளியே போனால் லாகின் போய்விடும், லாகின் போனால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள்.

அக்கா: உன் முதலாளிக்கும் இந்த மஞ்சள் கருக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

(தம்பி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். மேலே ஒரு கேமரா இருக்கிறது.)

அக்கா: பையில் பழமும் புட்டும் இருக்கிறது. போன் வரும்வரை சாப்பிடு.

தம்பி: கவுண்டரில் சாப்பிடக்கூடாது.

அக்கா: உதிரி பாகம் என்று எழுதிக்கொள்.

(போன் அடிக்கிறது.)

அக்கா: (போனில்) ஆமாம்… கோழி… கோழிதான்… நான் எப்போது ஆள் என்று சொன்னேன்?… சரி, அத்தையிடமும் கேட்டுவிட்டீர்களா, நல்லது… ஓடிபி சொல்லுங்கள்… நாலு, ஏழு… பொறுங்கள்… தம்பி, நாலு, ஏழு, ஒன்று, ஒன்று.

தம்பி: (வாயில் புட்டோடு) காலாவதி. புதிதாக அனுப்புகிறேன். அவரை போனை வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அக்கா: (போனில்) வைக்காதீர்கள், இன்னொன்று வரும்… பிரியாவா? பிரியா யார் என்று அத்தை கேட்டார்களா?… அதுவும் கோழி. வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்கிறேன். நம்பரைச் சொல்லுங்கள்.

(இரண்டாவது எண் ஏறிவிட்டது. பெட்டி கவுண்டருக்கு இந்தப் பக்கம் வருகிறது. அக்கா ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு அறையாகக் கண்ணை வைத்துப் பார்க்கிறார். மூன்றாவது அறையில் நிற்கிறார்.)

அக்கா: ராத்திரி இது எங்கே இருந்தது?

தம்பி: வண்டியில்தான்.

அக்கா: வண்டியில் எங்கே?

தம்பி: கூரை மேலே. உள்ளே இடம் இல்லை. துணி பேல் நிறைய இருந்தது.

அக்கா: ஆரல்வாய்மொழி வழியாகத்தானே வந்தது? முப்பந்தல் காற்றுக்கு அத்தனை காற்றாலை சுற்றுகிறது. அந்தக் காற்றில், கூரை மேலே. துணி பேல் உள்ளே, குளிராமல்.

தம்பி: எத்தனை போய்விட்டது, அக்கா?

அக்கா: தெரிகிற வரை மூன்று.

தம்பி: பொரிப்பகத்தில் கேளுங்கள், தருவார்கள்.

அக்கா: அவர்கள் பில்லில் அச்சடித்திருக்கிறது, வழியில் ஏற்படும் இறப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று. உன் ரசீதுக்குப் பின்பக்கமும் அதே வரிதான், படித்துப் பார். பொறுப்பில்லை என்று எழுதுவதை மட்டும் எல்லோரும் பொறுப்பாகச் செய்திருக்கிறீர்கள்.

தம்பி: நான் எழுதவில்லை, அக்கா.

அக்கா: தெரியும். நீ டேப்பைக் கூடக் கிழிக்க மாட்டாய்.

(வரிசையில் யாரோ சிரித்தார்கள். தம்பிக்குக் காது சிவந்துவிட்டது. பாவம், அவரைச் சொல்லியும் பயன் இல்லை. கூரை மேலே ஏற்றச் சொன்னவர் எந்தக் கவுண்டரிலும் உட்கார மாட்டார்.)

தம்பி: புகார் எழுதித் தருகிறீர்களா? நான் மேலே அனுப்புகிறேன்.

அக்கா: என்னவென்று எழுத? உதிரி பாகம் மூன்று செத்துவிட்டது என்றா?

தம்பி: …

அக்கா: விடு. மிச்சம் தொண்ணூற்றொன்பது இருக்கிறது, வெயில் ஏறும் முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு. அதற்குள் இன்னும் எத்தனை போகுமோ. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

தம்பி: இங்கே. அதற்கு முன்னால் ஒரே ஒரு கட்டம். பெறுநருக்கு நீங்கள் என்ன உறவு? இதையும் காலியாக விட முடியாது.

அக்கா: என்னென்ன இருக்கிறது?

தம்பி: தாய், தந்தை, மகன், மகள், மாமனார், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், காவலாளி.

அக்கா: தாய் என்று போடு.

தம்பி: இருவருக்குமா?

அக்கா: இருவருக்கும்.

தம்பி: (தட்டிப் பார்த்து) எடுக்க மாட்டேன் என்கிறது, அக்கா. அவர்கள் கணவன் மனைவி என்று ஏற்கெனவே ஏற்றிவிட்டேன். இருவருக்கும் ஒரே தாய் என்றால் சிவப்பில் காட்டுகிறது.

அக்கா: சிஸ்டத்துக்கு அந்த மட்டும் ஒழுக்கம் இருக்கிறது.

தம்பி: காவலாளி போடட்டுமா?

அக்கா: வேண்டாம். வனராஜாவுக்குத் தாய், பிரியாவுக்கு மாமியார் என்று போடு. ஆறு மாதம் ஆனதும் இன்னும் முட்டை இல்லையா, இன்னும் முட்டை இல்லையா என்று தினமும் போய்க் கேட்கப் போகிறவள் நான்தானே.